நெஞ்சுத்தசையின் நோயும் உயிர் எடைக் கணக்கும்

விருத்தாசலத்துக் கறிக்கடைகளில் பிராய்லர் கோழியை எடை போட்டு, தோலுரித்து, எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டித் தருகிறார்கள். வாங்க நிற்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு, இது ஹார்மோன் ஊசி போட்டுப் பருத்த கோழி என்பது. அந்த அச்சம் பிழை. கவலைப்பட வேண்டிய இடத்தையும் அது மறைத்துவிடுகிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கோழி வகைகளுக்கு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, 56ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905, 1808, 4202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் இந்த வேறுபாடு மரபிலிருந்து வந்தது. எடையும் நெஞ்சுக்கறியும் மிகுந்த பறவைகளையே தலைமுறைதோறும் இனவிருத்திக்குத் தேர்ந்ததன் விளைவு இது.

அதற்கான விலையைத் தசை கொடுக்கிறது. தசை இழைகளின் எண்ணிக்கை குஞ்சு பொரிக்கும்போதே ஏறத்தாழ முடிவாகிவிடும். பிறகு இழைகள் பருத்துத்தான் தசை வளரும். அந்த வேகத்துக்கு நுண்குருதிக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்து இழைகள் சிதைகின்றன. சீராக்க வேண்டிய சாட்டிலைட் செல்கள் ஓய்ந்துபோக, அவ்விடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிரம்புகின்றன. இழைகளின் போக்கிலேயே வெள்ளை வரிகள் தோன்றுவது வெண்கோடு. தசை விறைத்துப் புடைப்பது மரநெஞ்சு. இதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் விவரித்தனர். இத்தகைய கறியில் புரதம் குறைகிறது, கொழுப்பும் கொலாஜனும் கூடுகின்றன. உண்பவருக்கு இது தொற்றாது. துன்பம் பறவைக்குத்தான்: மரநெஞ்சு முற்றிய கோழிகள் நடக்கவே தடுமாறுகின்றன.

நம் கோழிகள் இரண்டு கிலோ அளவிலேயே விற்பனையாவதால் இது பெரிய கோழிகளை வளர்க்கும் அமெரிக்காவின் சிக்கல் என்று சொல்லிவிடலாமா? எடை கூடக் கூட நோய் முற்றும் என்பது உண்மைதான். ஆனால் நுண்ணோக்கியில் சிதைவு மூன்றாம் வாரத்துக்குள்ளேயே தெரிகிறது. இங்கே கோழி ஐந்தாறு வாரம் வளர்கிறது. நம் சந்தையில் பரவிய வென்காப் இனமும் அமெரிக்கக் காப் இனத்தின் வழிவந்ததே.

மரபின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. வணிக இனங்களில் 2015இல் நடந்த ஆய்வு, மரநெஞ்சின் மரபுவழி மதிப்பு 0.1க்கும் குறைவு என்றது. 2016இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு வெண்கோட்டுக்கு 0.65 என்றது. முதல் எண்ணைக் காட்டி இனவிருத்தியைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மதிப்பு ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டில் மரபின் பங்கை மட்டுமே அளக்கிறது. இனம் முழுவதிலும் ஏற்கெனவே நிலைத்துவிட்ட வேகம் அதில் பதிவாகாது.

பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றிய ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தருகிறது. விவசாயிக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. அது உயிர் எடையையும் தீவனத்தை எடையாக்கும் திறனையும் பொறுத்தது. பண்ணை விலையும் உயிர் எடைக்கே. மேலைநாடுகளில் எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறி முழுத்துண்டாகத் தட்டில் கிடப்பதால் வெண்கோடு வாங்குவோர் கண்ணில் பட்டது, ஆலைகளுக்கும் நட்டமானது. நம் குழம்புத் துண்டில் அது தெரிவதே இல்லை. ஆகவே தசை நலம் கூலியிலும் இல்லை, விலையிலும் இல்லை.

தோலுரித்த கோழியின் நெஞ்சை வெட்டுமுன் தரம் பிரித்துப் பதிவு செய்யக் கண்ணும் விரலும் போதும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஊர்க்கடைகளிலேயே இதைச் செய்யலாம். எடை, வயது, இனம், மாதம் நான்கையும் சேர்த்தே குறிக்க வேண்டும். அப்போதுதான் கோடை வெப்பத்துக்குப் பங்கிருந்தால் அதையும் இனத்தின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்டி, வளர்ப்புக் கூலிக் கணக்கில் தசை நலத்துக்கும் இடம் கேட்க முடியும்.