போர் மறுக்கும் வீரன்: சார்லமேன் கதைமரபும் இந்தியக் காப்பியங்களும்

முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியில் 1555இல் போர்த்துக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்த அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. அதே கடற்கரையில் இலத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் சவிட்டு நாடகத்தில், பேரரசன் சார்லமேனின் கதை ‘காறல்மான் சரிதம்’ என வழங்குகிறது. தமிழும் மலையாளமும் கலந்த இந்நாடகத்தின் ஆசிரியர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. இராமகாதை, சார்லமேன் கதை ஆகிய இரண்டிலும் மானம் புண்பட்ட வீரன் இடம்பெறுகிறான். அவ்வீரன் தன் அரசனை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசனுக்கு எதிரான மறுப்பு

ஹோமரின் இலியத்தில், அகமெம்னன் பிரிசெயிசைக் கவர்ந்துகொண்டமையால் அகிலீசு போரிலிருந்து விலகுகிறான். தூதுவர் கொணர்ந்த பரிசில்களும் அவன் சினத்தைத் தணிக்கவில்லை; தோழன் பத்ரோக்லசு மாண்ட பின்னரே களம் புகுகிறான். 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காப்பியமான ஃபியராபிராவில், இளையோரினும் முதியோரே சிறந்தோர் எனச் சார்லமேன் புகழ்கிறான். அதனால் காறல்மான் நாடகத்திலும் முதன்மை வீரனாகிய ரோலந்து, பகைவனின் அறைகூவலை ஏற்க மறுக்கிறான். காயமுற்றுக் கிடந்த ஒலிவர் அவனுக்கு மாற்றாகச் செல்கிறான். இரு காப்பியங்களிலும் மறுப்பு அரசனுக்கு எதிரானது. அதன் விலையைக் கொடுப்பவன் தோழன்.

செஞ்சோற்றுக்கடன்

வியாச பாரதத்தில் வீடுமர் தன்னை அரைத்தேர் வீரன் என இழித்துரைத்தமையால், அவர் வீழும்வரை போரிடேன் எனக் கர்ணன் விலகுகிறான். பத்தாம் நாள் வீடுமர் வீழ்ந்த பின்னரே அவன் களம் காண்கிறான். எனினும் அவன் சினம் படைத்தலைவர்மீது எழுந்ததேயன்றித் துரியோதனன்மீது எழுந்ததன்று.

கம்பனின் கும்பகருணன் நிலை இதனினும் கடினமானது. சீதையை விட்டுவிடுமாறு கூறிய அவனை இராவணனே இகழ்கிறான். அகிலீசுக்கும் ரோலந்துக்கும் நேர்ந்ததுபோலவே இங்கும் இழிவு செய்தவன் அரசன். ஆயினும் கும்பகருணன் போருக்கு எழுகிறான். இராமன் பக்கம் வருமாறு வீடணன் அழைத்தபோதும் இணங்கவில்லை. அவன் மறுத்தது போரை அன்று, போரிலிருந்து விலகுவதை.

முடிவுரை

மானவுணர்வு இந்நால்வருக்கும் பொதுவானது. மேலை வீரர் இருவரும் தம் மானத்தை அரசனிடம் வாதாடும் உரிமையாகக் கொள்கின்றனர். கர்ணனும் கும்பகருணனும் அதனை அரசனுக்குப் பட்ட கடனுக்குக் கீழ்ப்படுத்துகின்றனர். அக்கடன் தவறான பக்கத்தில் நின்று மடியச் செய்யினும் அவர்கள் அதனைத் துறக்கவில்லை. ஒரே துறைமுகத்தில் சுவரோவியமாகவும் மேடையாட்டமாகவும் அருகருகே நின்ற இருவேறு கதைமரபுகளை ஒப்பிட்டு ஆராய்வது தமிழ்க் காப்பிய அறத்தின் தனித்தன்மையைத் தெளிவாக உணர்த்தும் எனலாம்.