கண்ணாடி அலமாரியின் பின்புறம்

பழம்பொருள் சந்தையில் 'பதினாறாம் லூயி பாணி' என்று விற்கப்படும் ஆளுயரக் கண்ணாடிக் கதவு அலமாரிகளில் பெரும்பாலானவற்றை அந்த மன்னன் பார்த்திருக்கவே முடியாது. அவன் தலை 1793இல் கில்லட்டினில் விழுந்தது. இந்த அலமாரி பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் படுக்கையறைக்குள் பரவலாக நுழைந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டில். மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்கு மாரி அந்துவானெத்தின் மீது தீராத மோகம். வரிப்பள்ளமிட்ட தூண்களும் ரிப்பன் முடிச்சுகளும் மலர்ச்சரங்களும் அப்போதுதான் மறுபடி மோஸ்தராயின. ரோமாபுரியைப் பார்த்துச் செய்த நகலுக்கு மேலும் ஒரு நகல்!

மரவேலையை விடவும் கண்ணாடியின் வரலாறே என்னைத் தொந்தரவு செய்கிறது. வெனிஸின் ஏகபோகத்தை உடைக்க, 1665இல் அமைச்சர் கோல்பேர் அரச கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவி, முரானோ தீவின் கைவினைஞர்களை ரகசியமாக வரவழைத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில், உருகிய கண்ணாடிக் குழம்பை மேசைமேல் வார்த்து உருளையால் சமன்செய்யும் முறை கைவந்தது. பெரிய தகடுகள் சாத்தியமாயின. ஆனால் பிம்பம் தெரியவேண்டுமே? அதற்கு வெள்ளீயத் தாளின்மீது பாதரசம் ஊற்றிக் கண்ணாடியின் முதுகில் ஒட்டவைத்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கைகள் நடுங்கின, பற்கள் உதிர்ந்தன. 1835இல் லீபிக் கண்டறிந்த வேதிவினை வெள்ளி பூச வழிகாட்டிய பின்னரும் பாதரசம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அவ்விதம் செய்த கண்ணாடிகளில் படரும் சாம்பல் திட்டுகளைப் 'பழமையின் அழகு' என்று ரசிப்பவர்கள் உண்டு. ரசக்கலவை சிதைவதன் அடையாளம் அது. அதிலிருந்து பாதரசம் இன்றும் மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது.