வியட்நாம் போரும் நிக்கான் எஃப் கேமராவும்

வியட்நாம் போர்க்களத்தில் செய்தி ஒளிப்படக்காரர்கள் பலரின் கழுத்தில் இரு கேமராக்கள் தொங்கின: ஜெர்மனியின் லைக்கா எம், ஜப்பானின் நிக்கான் எஃப். ஓசை குறைந்த லைக்காவில் அகலக்கோண வில்லையையும், 1959 இல் வெளிவந்த நிக்கானில் தொலைவுக் காட்சிக்கான வில்லையையும் பொருத்திக்கொள்வது வழக்கம்.

இரண்டும் மின்கலம் இல்லாமல் படம் எடுப்பவை. நெம்புகோலைத் தள்ளினால் படச்சுருள் ஒரு படம் அளவு நகரும்; அதே அசைவில் ஷட்டரின் சுருள்வில்லும் முறுக்கேறும். பொத்தானை அழுத்தியதும் முறுக்கு விடுபட்டு ஷட்டர் திரை ஓடும். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிக்கானில் பொருத்தப்பட்ட ஒளிமானிக்கு மட்டுமே மின்கலம் வேண்டும். அது தீர்ந்துபோனாலும் கவலையில்லை. நல்ல வெயிலில் வில்லைத் துளையை எஃப்/16 இல் வைத்து, ஷட்டர் வேகத்தைச் சுருளின் வேக எண்ணுக்கு ஒட்டி வைத்தால் படம் சரியாக வரும். 400 ஏஎஸ்ஏ வேகமுள்ள டிரை-எக்ஸ் சுருளென்றால் 1/500 நொடி.

இக்கேமராவின் உறுதியைப் பற்றிப் பேசுவோர், பிரித்தானிய ஒளிப்படக்காரர் டான் மெக்கலினைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கம்போடியாவில் அவரை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டை அவரது நிக்கான் எஃப் தாங்கியது. வியப்பான நிகழ்ச்சிதான், ஆனால் ஒரு கருவி களத்துக்கு உகந்ததா என்று அளக்க அது போதாது என்பது என் கருத்து. அன்றாடத் தொல்லைகளையும் பார்க்க வேண்டும்.

ஒரு சுருளில் 36 படங்கள்தான். நிக்கான் எஃப் கேமராவில் சுருளை மாற்றப் போனால், பின்மூடியும் அடித்தகடும் ஒன்றாகக் கழன்று கைக்கு வந்துவிடும். ஒரு கையில் கேமரா, மறு கையில் புதுச்சுருள். குண்டுகள் பறக்கும்போது மூடியை எங்கே வைப்பது? சுருள் நிரப்பிய இரண்டு மூன்று கேமராக்களைச் சுமந்ததற்கு இதுவும் ஒரு காரணம். காட்டின் ஈரப்பதத்தில் வில்லைகளில் பூஞ்சை படிவது வேறு.

எடுத்த படம் விழுந்ததா என்பது சுருளைக் கழுவும்வரை தெரியாது. அதற்குச் சுருள் களத்திலிருந்து சைகோன் நகருக்குப் போய்ச் சேர வேண்டும். 1971 பிப்ரவரி 10 அன்று லாவோசில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரில் லைஃப் இதழின் லாரி பர்ரோஸ், ஆன்ரி உவே, கென்ட் பாட்டர், கெய்சபுரோ ஷிமாமோட்டோ ஆகிய நான்கு ஒளிப்படக்காரர்கள் இறந்தனர். 1998 இல் அந்த மலைச்சரிவைத் தோண்டியபோது கேமராப் பாகங்களும் படச்சுருள் துண்டுகளும் கிடைத்தன. அவர்கள் கடைசியாக எடுத்த படங்கள் கிடைக்கவில்லை.