கண்மாய் முதல் கடல் வரை: குறைந்த தண்ணீரில் மிதக்கும் படகுகளின் கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போய் படகைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கரிசல் காடு, கருவேல மரம், குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கும் குடங்கள். இங்கே படகுக்கு என்ன வேலை?

ஆனால் இந்த ஊர்களுக்கும் கடலுக்கும் இருக்கும் உறவு பலர் நினைப்பதை விட நெருக்கமானது. 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி எல்லாம் இருந்த அதே மாவட்டத்தில்தான் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை இருந்தன. அந்த வருடம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த வறண்ட பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. கடற்கரை ராமநாதபுரத்தோடு நின்றுவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் ஆறு பிரியவில்லை. திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு போகும் குண்டாறு, கமுதியைத் தாண்டி, மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தண்ணீர் வருகிற வருடங்களில்!

இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே கடல் வரை போனால் ஒரு விஷயம் புரியும். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய், மூக்கையூர்க் கரை, ராமேஸ்வரத்துக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடா, எல்லாவற்றிலும் மீன் பிடிப்பவருக்கு உள்ள சிக்கல் ஒன்றுதான்: காலடியில் தண்ணீர் குறைவு. படகு எவ்வளவு பெரியது என்ற கேள்வி இங்கே இரண்டாவதுதான். எவ்வளவு குறைந்த தண்ணீரில் மிதக்கும் என்பதே முதல் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள், கேட்காதவர்கள் தடுமாறினார்கள். தமிழ்நாட்டுப் படகு வரலாற்றில் பெரும்பகுதியை இப்படியே சொல்லிவிடலாம்.

கண்மாயில் படகு இல்லை

திருச்சுழி என்ற பெயருக்கே ஒரு வெள்ளக் கதை உண்டு. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டார், வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது, அதனால் ‘சுழி’ என்கிறது தலபுராணம். ரமண மகரிஷி 1879ல் பிறந்த ஊரும் இதுதான். வெள்ளத்தை விழுங்கிய ஊர் என்று புராணம் சொல்லும் இடத்தில் இன்று வெள்ளத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கண்மாயை நிரப்பும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும். சித்திரை, வைகாசியில் சேறுதான் மிஞ்சும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் குஞ்சு விட்டு, மீன் பிடித்து, முதலை எடுக்க வேண்டும். வருடத்தில் சில மாதமே தண்ணீர் நிற்கும் இடத்தில் மரப்படகு வாங்கிப் போடுவது வீண் செலவு. மற்ற மாதங்களில் அது வெயிலில் காய்ந்து வெடித்துவிடும்.

அதனால் கண்மாய்க்காரர்கள் கையில் கிடைத்ததை மிதக்க விட்டார்கள். வாழைத்தண்டுகளைக் கோத்துக் கட்டிய தெப்பம் பழையது. லாரி டியூபில் காற்றடித்து அதன் மேல் பலகை கட்டி உட்கார்ந்து வலை விடுவது, தெர்மோகோல் துண்டுகளைச் சாக்கில் கட்டி மிதப்பது எல்லாம் பின்னால் வந்தவை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் இவையும் தேவையில்லை. ஊரே ஊத்தா, கச்சா வலையோடு கண்மாயில் இறங்கிவிடும். அதுதான் மீன்பிடித் திருவிழா.

தண்ணீர் வருடம் முழுக்க நிற்கும் இடத்தில் கதை வேறு. 1934ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் பரிசலில் போய் வலை விடுகிறார்கள். மூங்கில் பிளாச்சுகளைக் கூடை போல முடைந்து, முன்பு மாட்டுத் தோலும் பின்னாளில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வைத்து மூடிய வட்டப் படகு அது. அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். கரைக்கு வந்ததும் ஒரே ஆள் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் தூக்கிப் போய்விடலாம்.

ஒரு சின்னக் கணக்கு

தட்டையான அடி ஏன் குறைந்த தண்ணீரில் மிதக்கிறது? பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான் பதில். 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள ஒரு தட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அடிப்பரப்பு 9 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் அமுங்கினால் 90 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். அதாவது ஒவ்வொரு 90 கிலோவுக்கும் படகு 1 சென்டிமீட்டர் இறங்கும். படகு, ஆட்கள், வலை, ஐஸ், மீன் எல்லாம் சேர்த்து 900 கிலோ என்றால் 10 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு.

அதே எடையை ஒடுங்கிய, கூர்மையான அடி உள்ள படகில் ஏற்றினால் அது இன்னும் ஆழமாக இறங்கும். கூர்மையான அடி அலையை வெட்டிக்கொண்டு போகும், காற்றில் பக்கவாட்டில் நழுவாது. தட்டை அடி ஆழம் குறைந்த இடத்தில் போகும், ஆனால் காற்று அடித்தால் இலை மாதிரி நழுவும். இரண்டும் ஒரே படகில் முழுதாகக் கிடைக்காது. எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதில்தான் ஒவ்வொரு கரையின் கெட்டிக்காரத்தனமும் தெரிகிறது.

கட்டுமரமும் வள்ளமும்

ஆங்கிலத்துக்கே பெயர் கொடுத்த கட்டுமரம் சோழமண்டலக் கரையின் பதில். எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. உள்ளே வரும் தண்ணீர் இடுக்கு வழியாக வெளியே போய்விடும், இறைக்க வேண்டியதே இல்லை. கரையில் மோதும் அலையைத் தாண்டிப் போகும். காற்றில் நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். ஆழம் குறைந்ததும் அதைத் தூக்கிவிடலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காய வைக்கலாம்.

பாக் விரிகுடா வேறு மாதிரி. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் கிடப்பதால் கரையில் பெரிய அலை இல்லை. ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அலை இல்லாத இடத்தில் கட்டுமரத்தின் பெரிய பலன் வீணாகிவிடும். அங்கே வள்ளமும் வத்தையும் வந்தன. பாய் விரித்து ஓடும்போது படகு சாயாமல் இருக்க, குறுக்கே ஒரு நீளப் பலகையை வைத்து, காற்று வரும் பக்கம் அதன் நுனியில் ஆட்கள் போய் உட்காருவார்கள். ஆட்களின் எடையே படகின் சமநிலை. காற்று கூடினால் நுனிக்குப் போவார்கள், குறைந்தால் உள்ளே வருவார்கள். ஆழமான அடி இல்லாமலே பெரிய பாயைத் தாங்க வைத்த உத்தி இது.

சென்னை மாகாணத்தின் மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் படகுகளைக் கரை கரையாகப் பார்த்து, 1920ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். பக்கத்துப் பக்கத்துக் கரைகளில் கூட படகு எவ்வளவு வேறுபடுகிறது என்பது அவர் எழுத்தில் தெளிவாகத் தெரியும்.

என்ஜின் வந்தது, கரை பிரிந்தது

1952ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருடம் கேரளத்தில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் ஒரு மீன்வளத் திட்டம் தொடங்கியது. இருக்கிற நாட்டுப் படகிலேயே என்ஜின் வைப்பது என்பது முதல் எண்ணம். அது சரிவரவில்லை. அதனால் என்ஜினுக்கு ஏற்ற புதுப் படகுகளைக் கட்டினார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. என்ஜின் கனம். அதன் கீழே விசிறி, சுக்கான். இவற்றோடு படகை மணலில் இழுத்துப் போட முடியாது. கட்ட ஆழமான துறை வேண்டும். துறை இருந்த ஊர் வளர்ந்தது, இல்லாத ஊர் அப்படியே நின்றது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் இழுவலைப் படகுகள் பெருகின. பாக் விரிகுடாவிலும் அவை வந்தன. கீழே கிடக்கும் கடல்புல்லையும் சிறு மீனவரின் வலையையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போயின. கரைகளில் மோதல் வெடித்தது. தமிழ்நாடு 1983ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப் படகுகளுக்கு என்று ஆனது. சட்டம் காகிதத்தில் இருந்தாலும் சண்டை முழுதாக ஓயவில்லை.

கரையில் ஏறும் படகைத் தேடி

துறையே இல்லாத ஊருக்கு என்ஜின் படகு கொடுக்க முடியாதா? 1979ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு நடத்திய திட்டம் இது. படகு வடிவமைப்பாளர் குல்பிரான்சனும் மற்றவர்களும் சேர்ந்து கரையேறும் படகுகளைச் செய்து பார்த்தார்கள். முக்கியமான கண்டுபிடிப்பு, சாய்த்துத் தூக்கக்கூடிய டீசல் என்ஜின் அமைப்பு. கரையை நெருங்கும்போது விசிறியையும் சுக்கானையும் மேலே தூக்கிவிடலாம். படகின் அடி மணலில் வழுக்கிக்கொண்டு ஏறும்.

அதே காலத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. கட்டுமரத்துக்கான மரம் கிடைப்பது கஷ்டமாகி, விலையும் ஏறியதால், பிளைவுட்டில் படகு கட்டிப் பார்த்தார்கள். முதலில் செய்தவை அப்படியே எடுபடவில்லை. மீனவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, திருத்தி, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இதில் ஈடுபட்ட பியர் ஜில்லே 1985ல் இந்த அனுபவத்தை எழுதினார். சின்னப் படகு செய்வதுதான் கஷ்டம் என்பது அவர் தலைப்பின் பொருள். பெரிய படகில் ஒரு தவறை இன்னொரு என்ஜினால் மூடிவிடலாம். சின்னப் படகில் பத்து கிலோ கூடினாலும் கரைக்கு இழுக்கும் ஆளுக்கு முதுகு வலிக்கும்.

பைபர் காலம்

2004 டிசம்பர் 26 சுனாமி கட்டுமரக் காலத்தை ஏறக்குறைய முடித்து வைத்தது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். அவசரத்தில் கட்டியவற்றில் தரம் குறைந்தவையும் நிறைய. கடலைத் தெரியாத நன்கொடையாளர் பணம் கொடுத்து, கடலைத் தெரிந்தவரைக் கேட்காமல் படகு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பெரிய பாடம்.

ஆழம் குறைந்த கடலில் பைபர் படகை அமைக்கிறவர்கள் பார்ப்பது மூன்று விஷயம். ஒன்று, என்ஜின். நீண்ட தண்டின் நுனியில் விசிறி உள்ள என்ஜினில் கைப்பிடியை அழுத்தினால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். மணல்திட்டு, கடல்புல், அடுத்தவர் வலை எல்லாவற்றையும் தாண்ட இதுதான் வழி. இரண்டு, எடை வைக்கும் இடம். என்ஜினும் அதை ஓட்டுபவரும் பின்னால் இருப்பதால் ஐஸ் பெட்டியும் வலையும் நடுவிலோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். எல்லாம் பின்னால் சேர்ந்தால் மேலே போட்ட 10 சென்டிமீட்டர் கணக்கு பொய்யாகி, பின்பக்கம் தரையைத் தட்டும். மூன்று, இழுப்பவர்கள். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரால் கரையேற்ற முடிகிற எடைதான் படகின் எடை.

பாக் விரிகுடாவில் 2022ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வது அதே ஆழம் குறைந்த கடல்புல் வெளியில்தான். தரையைச் சுரண்டாமல் மேலே மிதந்து போகும் படகு அந்தப் புல்லையும் விட்டுவைக்கிறது, அதில் பிழைக்கும் மீனையும் நண்டையும் விட்டுவைக்கிறது.

கண்மாயில் டியூப் கட்டியவருக்கும் பாக் விரிகுடாவில் பலகை நுனியில் உட்கார்ந்தவருக்கும் பொதுவானது இதுதான்: தண்ணீர் எவ்வளவு என்று முதலில் பார்த்தார்கள், அப்புறம்தான் படகைப் பார்த்தார்கள். அந்த அளவில் செய்த படகை ஒரு குடும்பமே வாங்கலாம், இழுக்கலாம், பழுது பார்க்கலாம். முதலாளி தேவையில்லை, துறைமுகமும் தேவையில்லை. படகைப் பெரிதாக்கி அதற்குத் தக்க ஆழத்தைத் தேடிப் போனபோது, மீனவர்களில் பலர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர்களாக ஆனார்கள். அடுத்த முறை எந்தத் திட்டமாவது புதுப் படகோடு கரைக்கு வந்தால், அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்பது அல்ல. முழங்கால் தண்ணீரில் இது மிதக்குமா என்பதுதான்.