'பெசெல்' என்னும் சொல்: ஓர் ஆய்வு

வள்ளியூரில் குன்றைக் குடைந்தமைத்த முருகன் கோயில் உண்டு. வடக்கே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில், 8ஆம் நூற்றாண்டளவில் பாண்டியர் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டுவித்த வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. இச்சூழலில் வாழும் சபையாருக்குப் பத்துக் கட்டளைகளைப் போதிக்கையில், உளிவேலையே பாவம் என்னும் தொனி நம் பிரசங்கங்களில் எளிதில் நுழைந்துவிடுகின்றது. நாமும் அவ்வாறு பேசியதுண்டு. மூலச் சொல்லை ஆராயின் அது பிழையென்பது புலனாகும்.

யாத்திராகமம் 20:4இல் 'விக்கிரகம்' என நாம் வாசிப்பது எபிரேயத்தில் 'பெசெல்' ஆகும். வெட்டுதல், செதுக்குதல் எனப் பொருள்படும் 'பாசல்' என்னும் வினையோடு தொடர்புடைய இச்சொல்லுக்குச் 'செதுக்கப்பட்டது' என்பதே அடிப்படைப் பொருள். மரத்தில் செய்ததையும் ஏசாயா (44:15) இச்சொல்லாலேயே குறிக்கின்றார். வார்த்துச் செய்ததற்கு 'மசேக்கா' என்னும் வேறு சொல் உண்டு. பொன் கன்றுக்குட்டி அவ்வகையினது.

'விக்கிரகம்' வடசொல்; உருவம், உடல் என்று பொருள்படுவது. உளியின் ஓசை அதில் இல்லை. கிரேக்கத்தில் எழுபதின்மர் மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் உருவத்தைச் சுட்டும் 'எய்தோலோன்' என்னும் சொல்லையே ஆண்டது. இதனால் மறைந்துபோன உறவு ஒன்றுண்டு.

இரண்டு கற்பலகைகளை இழைத்துக்கொள்ளும்படி கர்த்தர் மோசேக்குக் கட்டளையிடுமிடத்து (யாத். 34:1) மூலத்திலுள்ள வினையும் 'பாசல்' என்பதே. சாலொமோனின் ஆட்கள் ஆலயத்திற்குக் கல் வெட்டியதும் (1 இராஜா. 5:18) இதே வினையால் கூறப்படுகின்றது. முதற்பலகைகள் தேவனுடைய கிரியையாயிருந்தன (யாத். 32:16); அவை உடைந்தன. உடன்படிக்கைப் பெட்டியுள் வைக்கப்பெற்றவையோ, மனிதன் செதுக்க, தேவன் எழுதியவை (உபா. 10:3-5).

நம் நாட்டிலும் கற்சிலையையும் கல்வெட்டையும் ஈன்றது உளியே. கட்டளை விலக்குவது அவ்வுளியையன்று, செதுக்கியதைத் தெய்வமெனப் பணிதலையே (யாத். 20:5). கல் பொளிந்து பிழைப்பவர் ஒருவர் நம் சபையில் அமர்ந்திருப்பாராயின், கட்டளையின் எச்சரிப்போடு இதனையும் அவர் கேட்கவேண்டும்: தேவன் தம் வார்த்தையை எழுதுவதற்கு ஒரு மனிதன் செதுக்கிய கல்லைக் கேட்டார். இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுவதே திருமறைக்கு உண்மையான போதகமாகும்.