ஒரு சொல், ஆயிரம் செவி

சர்வர் என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்கு ஓட்டல்தான் ஞாபகம் வரும். தோளில் துண்டும் கையில் நாலு டபராவுமாக வந்து நின்று, "என்ன வேணும் சார்?" என்று கேட்பாரே, அவர். இந்தக் கட்டுரையில் வருகிற சர்வரும் ஏறக்குறைய அதே தொழில் செய்வதுதான். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும். எங்கோ குளிரூட்டிய கட்டிடத்தில், ஜன்னலில்லாத கூடத்தில், அலமாரிகளில் வரிசையாக அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. அதற்கு முன்னால் நாற்காலி கிடையாது. திரையும் கிடையாது. அதனிடம் வேலை வாங்க வேண்டுமானால் தூரத்திலிருந்து பேசித்தான் வாங்க வேண்டும்.

ஒன்றிரண்டு என்றால் தனித்தனியே பேசலாம். ஆயிரம் இருந்தால்? ஆயிரத்துக்கும் ஒரே சமயத்தில் ஒரே உத்தரவு போட வேண்டியிருக்கிறது. ஊருக்குள் தண்டோராப் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்டோராவைக் கேட்ட ஊரார் தலையாட்டுவார்கள், சிலர் முணுமுணுப்பார்கள், பாதிப் பேர் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார்கள். அதனால் எத்தனையோ அசட்டு உத்தரவுகளிலிருந்து ஊர் தப்பியிருக்கிறது. யந்திரம் அப்படியல்ல, கேட்ட க்ஷணத்தில் செய்துவிடும். ஆகவே இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. பேசுகிறவன் இன்னார் என்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அவன் பேசியது தவறாயிருந்தால் தடுப்பது யார்? இவ்விரண்டில் முதல் கேள்விக்கு நல்ல விடையொன்று கிடைத்தது. இரண்டாவதற்கு இன்னும் பூரணமாகக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கதை 1969 அக்டோபர் 29 இரவில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் சார்லி கிளைன் என்ற மாணவர், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த கம்ப்யூட்டருக்குள் 'ஆர்ப்பாநெட்' என்ற புதிய வலையின் வழியே நுழையப் பார்த்தார். 'லாகின்' என்று தட்ட வேண்டும். எல் தட்டினார், போய்ச் சேர்ந்தது. ஓ தட்டினார், அதுவும் சேர்ந்தது. அடுத்த எழுத்தில் எதிர்க்கரை யந்திரம் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் சிகிச்சை செய்த பிறகே முழு வார்த்தையும் போயிற்று. அன்று எழுத்து சேர்ந்ததா, சேரவில்லையா என்பதுதான் கவலை. தட்டுகிறவர் யார் என்று சந்தேகிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. இரு கரையிலும் இருந்தவர்கள் டெலிபோனில் பேசிக்கொண்டே செய்த காரியம் அது.

அந்தச் சிநேக பாவம் வெகு காலம் நீடித்தது. 1983-ல் பெர்க்லி சர்வகலாசாலையார் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'ஆர்.எஸ்.எச்.' என்றொரு கருவி இருந்தது. யூனிக்ஸில் உத்தரவைக் கேட்டு நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர்; இது தூரத்து ஷெல். இங்கிருந்து ஒரு வரி எழுதினால் அங்கே காரியம் நடக்கும். நம்பிக்கை எப்படி? ஒவ்வொரு யந்திரத்திலும் ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலிலுள்ள யந்திரத்திலிருந்து ஆள் வந்தால் ரகசியச் சொல் கேட்காமல் கதவைத் திறந்துவிட வேண்டியது. "சித்தப்பா வீட்டிலிருந்து வருகிறேன்" என்று சொன்னால் போதும். சித்தப்பாவுக்கு எழுதிக் கேட்பதில்லை. ரகசியச் சொல் கேட்கிற இடங்களிலும், அந்தச் சொல் கம்பியில் தபால் கார்டு மாதிரி திறந்தபடியே பிரயாணம் செய்தது.

1988 நவம்பர் 2-ஆம் தேதி இந்த உறவு முறையின் விலை தெரிந்தது. கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய 'புழு' ஒன்று வலையில் கிளம்பிற்று. அது பல வழிகளில் புகுந்தது. அவற்றில் ஒன்று மேற்சொன்ன சித்தப்பா பட்டியல். ஒரு யந்திரத்தில் புகுந்ததும் அதை நம்பும் யந்திரங்கள் எவை என்று பார்த்து, அவற்றுக்குள்ளும் நுழைந்தது. சுமார் 6,000 யந்திரங்கள் திணறிப்போனதாக அன்று மதிப்பிட்டார்கள். மாரிஸுக்கு மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரப் பொதுச் சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். ஆனால் ஆர்.எஸ்.எச். உடனே ஒழிந்துவிடவில்லை. சௌகரியமான வழக்கத்தை யார் எளிதில் விடுகிறார்கள்?

விட வைத்த சம்பவம் 1995-ல் பின்லாந்தில் நடந்தது. ஹெல்ஸிங்கி தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் வலையில் எவனோ ஒட்டுக் கேட்கும் நிரலொன்றை மறைத்து வைத்திருந்தான். கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான பெயர்களும் ரகசியச் சொற்களும் சேர்ந்திருந்தன. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாதூ இலோனென் என்பவர் சும்மா இருக்கவில்லை. சில மாதங்களில் புதிதாக ஒரு கருவியை எழுதி முடித்தார். 'பத்திரமான ஷெல்' என்று பொருள்படும் எஸ்.எஸ்.எச். அதுதான். வலையில் ஒவ்வொரு தொண்டுக்கும் ஒரு வாசல் எண் உண்டு. கோப்பு அனுப்புவதற்கு 21, பழைய தூரப் பேச்சுக்கு 23. அந்த இரண்டையும் நீக்கிவிட்டுத் தம் கருவி வர வேண்டும் என்பது இலோனெனின் ஆசை. நடுவில் 22 காலியாகக் கிடந்தது. எண்களை வழங்கும் அதிகாரிகளுக்கு 1995 ஜூலையில் ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே சரி என்று பதில் வந்துவிட்டது. நம்மூரில் வீட்டுக் கதவிலக்கம் மாற்ற மனுச் செய்து பார்த்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம். அந்த வருஷம் முடிவதற்குள் 50 தேசங்களில் 20,000 பேர் அதைக் கையாளத் தொடங்கியிருந்தார்கள்.

அது செய்த காரியம் என்ன? பேச்சு முழுவதையும் பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்பியது, அது ஒன்று. எனக்கு அதைவிட ருசிகரமாகப் படுவது, இரு தரப்பும் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ளும் முறை. அசோக வனத்தில் அனுமன் "நான் ராமதூதன்" என்று சொன்னதும் சீதை நம்பிவிட்டாளா? இவனும் ராவணனின் மாயையோ என்று அஞ்சினாள். கணையாழியைக் கண்ட பிறகே தெளிந்தாள். திரும்புகிற தூதன் உண்மையாகவே அவளைப் பார்த்தான் என்பதற்கு ராமனுக்குச் சூடாமணி வேண்டியிருந்தது. எஸ்.எஸ்.எச். செய்வதும் இதுவே. சர்வர் தான் அந்தச் சர்வர்தான் என்று நிரூபிக்கிறது. வருகிறவனும் தான் இன்னான் என்று நிரூபிக்கிறான். ஆனால் கணையாழியை வழியில் பறித்துவிடலாம். இங்கே சாவி இரண்டு: ஒன்று பகிரங்கம், ஒன்று ரகசியம். பகிரங்கச் சாவியைச் சர்வரிடம் முன்னதாகவே கொடுத்து வைத்திருக்கிறோம். ரகசியச் சாவி நம் வீட்டை விட்டு வெளியே போவதேயில்லை. அதைக் கொண்டு இட்ட கையொப்பம் மட்டும் போகிறது. பகிரங்கச் சாவியால் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். புதிதாகக் கையொப்பம் இட முடியாது.

ரகசியச் சாவியையே வீடு புகுந்து திருடினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதுவும் நடந்தது. 2020 மே மாதம் ஐரோப்பாவின் பெரும் கணக்கீட்டு நிலையங்கள் பலவற்றில் அந்நியர் புகுந்துவிட்டனர். எடின்பரோவிலிருந்த 'ஆர்ச்சர்' என்ற மகா கம்ப்யூட்டரையே நிறுத்த வேண்டியதாயிற்று. பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களின் நுழைவு உரிமைகளைத் திருடிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்திருந்தார்கள். ஓரிடத்தில் கிடைத்த சாவி அடுத்த இடத்தைத் திறந்தது. பழைய சித்தப்பா பட்டியல் வேறு உருவில் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

நாம் 1990-களுக்குத் திரும்புவோம். பூட்டு பலமாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் யந்திரங்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டிருந்தது. 1994-ல் நாஸாவின் காடர்ட் நிலையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர், கடையில் கிடைக்கிற சாதாரணக் கம்ப்யூட்டர்கள் 16-ஐ இணைத்து ஒரு பெரிய யந்திரம்போல் வேலை செய்ய வைத்தனர். பழைய ஆங்கிலக் காவிய நாயகன் பேவுல்பின் பெயரை அதற்குச் சூட்டினர். பிறகு 16 நூறாயிற்று, நூறு ஆயிரமாயிற்று.

ஆயிரம் யந்திரத்துக்கு உத்தரவு போடச் சுலபமான வழி, ஒன்றன் பின் ஒன்றாகப் போவது. அதில் ஒரு தொல்லை. நடுவில் ஒரு யந்திரம் செத்துக் கிடந்தால், அதன் பதிலுக்காக மற்றவையெல்லாம் காத்துக் கிடக்கும். ஐ.பி.எம். கம்பெனியிடம் ஒரு கருவி இருந்தது. அதைத் தழுவி, லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆராய்ச்சிச் சாலையில் ஜிம் கார்லிக் என்பவர் 'பி.டி.எஸ்.எச்.' என்பதை எழுதினார். நாம் வேறு கணக்குச் சொல்லாவிட்டால் அது ஒரே சமயத்தில் 32 யந்திரங்களுடன் பேசும். கல்யாணப் பந்தியில் எல்லாரும் சேர்ந்து எழுந்திருக்கும்வரை அடுத்த பந்திக்காரர் காத்திருக்க வேண்டும். இங்கே ஓட்டல் மேஜை வழக்கம். ஒருவர் எழுந்தவுடன் அந்த இடத்தில் அடுத்தவர் உட்காரலாம். அசைவற்றுக் கிடக்கிற ஆசாமியைக் கெடு வைத்து எழுப்பிவிடலாம்.

போடுவதைவிடப் பதிலைக் கேட்பது கஷ்டம். ஆயிரம் பேர் ஏககாலத்தில் பேசினால் சந்தைக் கடைதான். இதற்கும் ஒரு துணைக் கருவி உண்டு. ஒரே பதிலைச் சொன்னவர்களையெல்லாம் ஒரு தலைப்பில் திரட்டிவிடும். இந்த உத்தியோகத்திலிருக்கும் என் தமக்கை மகன் ஒருநாள் எனக்கு அதைச் செய்து காட்டினான். 48 யந்திரங்களிடம் மணி என்ன என்று கேட்டான். 47 ஒரே பதில். ஒன்று மட்டும் நாலு நிமிஷம் பிந்தியிருந்தது.

"இதைப் பிடிக்கத்தான் மாமா அத்தனை பேரையும் கேட்கிறது" என்றான்.

உத்தரவு போடும் ஆனந்தத்துக்காகவே இந்தக் கருவிகள் பிறந்தன என்று எண்ணியிருந்த எனக்கு அது ஒரு புதிய செய்தி.

2012-ல் மைக்கேல் டிஹான் என்பவர் வெளியிட்ட கருவிக்கு 'ஆன்ஸிபிள்' என்று பெயர். அது அகராதிச் சொல்லல்ல. அர்ஸுலா லெ க்வின் என்ற அம்மையார் 1966-ல் வெளிவந்த 'ரோகானனின் உலகம்' என்ற நாவலுக்காகப் படைத்தது. நட்சத்திரங்களுக்கிடையே தாமதமின்றிச் செய்தி அனுப்பும் யந்திரத்துக்கு அவர் வைத்த பெயர். நாவல் எழுதுகிறவர்கள் உலகத்துக்கு உபயோகப்பட்ட சில தருணங்களில் இதுவும் ஒன்று என்று குறித்துக்கொள்கிறேன். இக்கருவி எஸ்.எஸ்.எச். வழியாகவே போகிறது. ஆனால் உத்தரவின் இலக்கணத்தையே மாற்றியது. "பாலை ஊற்று" என்பது பழைய உத்தரவு; இரண்டு முறை சொன்னால் வழிந்துவிடும். "டம்ளர் நிறையப் பால் இருக்கட்டும்" என்பது புதியது. பத்து முறை சொன்னாலும் பாதகமில்லை.

ஆயினும் டம்ளரே தவறான டம்ளராயிருந்தால்? 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லாப் கம்பெனியின் ஊழியர் ஒருவர், நகல் சர்வரிலிருந்த தகவல்களைத் துடைத்துவிட்டு மறுபடி நிரப்ப நினைத்தார். அவர் நின்றுகொண்டிருந்தது மூல சர்வரில். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் நாலரைதான் மிச்சம். காப்புப் பிரதிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்திருந்த நகலொன்றால் பிழைத்தார்கள். நடந்ததை மூடி மறைக்காமல் உலகறியச் சொன்ன அவர்களுடைய நேர்மையை நான் மதிக்கிறேன்.

சரியாக 28 நாள் கழித்து, பிப்ரவரி 28 அன்று, அமெஸானின் எஸ்-3 என்ற சேமிப்புக் கிடங்கு படுத்தது. கணக்கெழுதும் பகுதியிலிருந்து ஒரு சில சர்வர்களை விலக்குவதற்காக ஊழியர் ஒருவர் உத்தரவிட்டார். அனுமதி பெற்றவர், எழுதி வைத்த முறைப்படியே செய்தார். ஒரு விவரத்தைத் தட்டுவதில் பிசகிவிட்டது. கிடங்கின் ஆதாரமான சர்வர்கள் கும்பலாக விலகிப்போயின. அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்கள் நாலு மணி நேரத்துக்கு மேல் முடங்கின. எல்லாம் நலமா என்று காட்டும் அவர்களுடைய அறிவிப்புப் பலகையைக்கூடத் திருத்த முடியவில்லை. அதுவும் அதே கிடங்கை நம்பியிருந்தது. யார் பேசுகிறார் என்பதில் அன்று எந்தச் சந்தேகமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாவி சரி, கையொப்பம் சரி, ஆளும் சரி.

பிறகு அமெஸான் செய்த திருத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கருவி இனிமேல் சர்வர்களை மெதுவாகவே விலக்க வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போவதாயிருந்தால் மறுத்துவிட வேண்டும். வேகத்துக்காகவே பிறந்த கருவிக்குத் தயங்கக் கற்றுக்கொடுத்தார்கள். என் தமக்கை மகனும் உத்தரவை முதலில் ஒரே ஒரு யந்திரத்துக்கு அனுப்புகிறான், பிறகு பத்துக்கு. இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரம் விடுகிறான். நான் பார்த்தபோது, அந்தக் கால் மணி நேரமும் பக்கத்தில் வைத்த காப்பியைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.