ஒரு ஞாயிறு, இரு மணி

கடிகாரம் காட்டும் நேரம் இயற்கை தந்ததா? அரசு வகுத்ததா? இவ்வினாவிற்கு இரண்டு மலையூர்கள் விடை கூறுகின்றன.

குஞ்செராப் கணவாயின் உயரம் 4,693 மீட்டர். அதன் ஒருபால் சீனத்தின் தாஷ்குர்கான். மறுபால் பாகிஸ்தானின் சோஸ்த். இரண்டும் ஏறத்தாழ கிழக்கு நெட்டாங்கு 75 பாகையில் உள்ளன. ஆதலின் ஈரூருக்கும் உச்சிவேளை ஒன்றே. ஆயினும், அவ்வேளையில் சோஸ்த் கடிகாரம் 12 மணி என்னும்; தாஷ்குர்கான் கடிகாரமோ 3 மணி என்னும்.

இதன் காரணம் வரலாற்றில் உள்ளது. சீனத்தில் முன்பு ஐந்து நேர மண்டலங்கள் இருந்தன. 1949இல் அமைந்த அரசு நாடு முழுமைக்கும் பெய்ஜிங் நேரத்தையே வைத்தது. பாகிஸ்தான் தன் மேற்குப் பகுதிக்கு 75 பாகைக்குரிய நேரத்தை 1951இல் ஏற்றது.

மலைச்சாரலில் யாக் எருதும் ஆடும் மேய்ப்பவர் மணி பார்த்து எழுவதில்லை; பொழுது பார்த்தே எழுவர். சிஞ்சியாங்கில் அலுவலகங்களும் பெய்ஜிங் நேரம் 10 மணியளவிலேயே திறக்கின்றன. உய்குர் மக்கள் பலர் இரண்டு மணி பிந்திய உள்ளூர் நேரத்தை வழங்குகின்றனர். எனவே அங்கு மணி கேட்பவர், "எந்த நேரப்படி?" என்றும் கேட்டல் வேண்டும். விடை, சொல்பவர் எவ்வினத்தார் என்பதையும் பலகால் காட்டிவிடும்.

நமக்கும் இது புதிதன்று. சபா, சரவாக்குடன் மலேசியா முழுதும் ஒரே நேரம் வழங்க, 1982 சனவரி முதல் நாள் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியது. சிங்கப்பூரும் உடன் மாற்றியது. சேவல் மட்டும் தன் வேளையிலேயே கூவியது.

மணி அரசினுடையது, பொழுது ஞாயிற்றினுடையது.